கணுக்கால் உயரத்தில்

பிரெவார்டு ஊரைத் தாண்டி, மே மாதக் கடைசி வாரம்,
டார்லீன் ஹாலிஃபீல்டின் காட்டுக்குள் போக
தலைக்கு நாற்பது டாலர்.
ஓரிரவுக்குப் பன்னிரண்டு பேர்.
பகலில் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணும் என் கை
இரவில் அவள் வாசலில் நின்று
கைவிளக்குகளின் வாயில் சிவப்புத் தாள் ஒட்டும்.

கைபேசியை அணையுங்கள்.
கைக்கடிகாரத்தையும்தான் ஐயா, அதுவும் ஒளிரும்.
கொசு மருந்து பூசியவர்கள் அங்கே தண்ணீர் இருக்கிறது.
சொல்லிச் சொல்லி என் குரலே
ஓர் அறிவிப்புப் பலகையாகிவிட்டது.

அன்று சார்லட்டிலிருந்து ஒரு குடும்பம்.
"நீங்க தமிழா?" என்றார் அவர்,
"அப்ப எங்களை மட்டும் கொஞ்சம் கிட்டக் கூட்டிப் போகலாமே."
கயிற்றுக்கு அந்தப் பக்கம்
யாருக்கும் தமிழ் தெரியாது என்றேன்.
மனைவி சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

ஒன்பது இருபதுக்கு
ரோடோடென்ட்ரான் புதரடியில் முதல் ஒன்று.
நீலம் என்று சொல்லித்தான் சீட்டு விற்கிறோம்.
நீலமுமில்லை, பச்சையுமில்லை,
இருட்டு வெகுநேரம் விழித்திருந்தால் வருகிற நிறம்.
மற்ற மின்மினிகளைப் போல் இது சிமிட்டாது.
ஏற்றிய விளக்கை அணைக்காமல்
கணுக்கால் உயரத்திலேயே போகும்,
தொலைத்த திருகாணியை
யாரோ குனிந்து தேடுவது போல.

பிறகு பத்து. பிறகு எண்ணவில்லை.

தேடுவதெல்லாம் ஆண்.
பெண்ணுக்குச் சிறகில்லை.
அரிசியைவிடச் சற்றுப் பெரிய வெளுத்த உடம்பு,
சருகின் மேல் ஏறி
இங்கே, இங்கே என்று சில புள்ளி வெளிச்சம்.
அவளால் போக முடியாது,
வா என்று சொல்ல மட்டும் முடியும்.
இந்த மேட்டில் அவள் மிதிபட்டால்
வேறு மேட்டிலிருந்து இன்னொருத்தி
பறந்து வந்து குடியேறப் போவதில்லை.

இதைச் சொன்னதும் அவர்கள் மகள் நித்திலா
தன் இரண்டு கால்களையும் பார்த்தாள்.
அப்புறம் உட்கார்ந்தவள்
கடைசிவரை எழுந்திருக்கவேயில்லை.

நடுவில் யாரோ படம் எடுத்தார்கள்.
ஒரே ஒரு வெள்ளை வெட்டு.
காடு மொத்தமும் வாயை மூடிக்கொண்டது.
இருபது நிமிடம்
பன்னிரண்டு பேரின் மூச்சையும் ஒரு தவளையையும்
கேட்டுக்கொண்டு நின்றோம்.
படத்தில் விழுந்திருக்கப்போவது
சில முதுகுகள், ஒரு கயிறு.
யாரென்று நான் விசாரிக்கவில்லை.
மனதுக்குள் மட்டும்
ஒவ்வொரு முகமாக நிறுத்தி வைத்துத் திட்டினேன்.

எல்லோரும் போனபின்
கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினேன்,
மரத்துக்கு மரம், வழக்கம்போல.
காரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்து
காலணியைக் கழற்றித் திருப்பினால்
அடித்தடத்தின் பள்ளத்தில் ஒரு வெளிச்சம்.

சேறாக இருக்கும் என்று தேய்க்கப் போன விரல்
பாதியில் நின்றது.

அந்தப் பக்கம் போனவள் அன்று
நான் ஒருத்திதான்.

ஈர்க்குச்சியால் எடுத்து இலையில் வைத்தேன்.
மாத்திரைகளை நூற்றுக்கணக்கில் பிசகாமல் எண்ணுகிறவள்
இந்த மூன்று வாரத்தில் எத்தனை என்று
கணக்குப் போடத் துணியவில்லை.
வெளிச்சம் மெலிந்துகொண்டே வந்தது.
அப்போது புல்லின் மேலாக
தாழ்வாக ஒன்று வந்தது.
இலையைச் சுற்றியது.
காலணியையும் ஒருமுறை சுற்றியது.
பிறகு, நான் என்ன சொல்ல,
வேறிடம் தேடிப் போய்விட்டது.

காலையில் டார்லீனிடம் சொன்னேன்:
இனிமேல் கயிற்றை அவிழ்க்க வேண்டாம்,
ஏப்ரலில் கட்டினால் ஜூலை வரை கிடக்கட்டும்.
"மழையில் இத்துப்போகும்" என்றாள்,
காப்பிக் கோப்பையை ஊதியபடி,
"ஒரு கயிறு பதினெட்டு டாலர்."

ஒரு சீட்டில் பாதிகூட இல்லை என்றேன்.

அவள் என் காலைப் பார்த்தாள்.
செருப்பில்லாமல் வந்திருந்தேன்.